அது கஞ்சா இல்லை, ஊமத்தை

நேற்று நம் ஆலையில் எடைமேடைக்குப் பின்னால், பழைய இரும்பு கொட்டி வைக்கிற இடத்தில், களை பிடுங்கினார்கள். யாரோ பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்களாம். விடாமல் பெய்த மழையில் அங்கே என்னென்னவோ முளைத்துக் கிடந்தது. காண்டிராக்ட் பெண்கள் பிடுங்கிப் போட்ட குவியலில் முக்கால்வாசி ஊமத்தை. ஒரு வால்வு ஒழுகுகிறது என்று பார்க்கப் போனவன் தெரியாமல் அந்தக் குவியலை மிதித்துவிட்டேன். கெட்டுப்போன வேர்க்கடலையைக் கசக்கின மாதிரி அந்த வாடை எழுந்தது. உனக்குத் தெரியாத வாடையா? ஷூவில் ஒட்டிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் கூடவே வந்தது. தட்டில் போட்ட சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வாடை மட்டும் காரணம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் எஸ்தர் மீஞ்சூருக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். உன்னைப் பற்றி ஒன்று கேட்டாள். நானும் ஒன்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வீட்டில் இருப்பவளிடம் சொல்ல முடியாது, உன் மனைவியிடம் சொல்லவே முடியாது. மிச்சம் இருப்பது நீதான். செத்தவனுக்குக் கடிதம் எழுதினால் எந்தப் பெட்டியில் போடுவாய் என்று கிண்டல் பண்ணுவாய். பண்ணிக்கொள், ஆனால் முழுதும் கேள்.

உனக்கு இளைப்பு எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் இந்தக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் வேலைக்கு வந்தபோது உனக்கு ஒன்றும் இல்லை. உன் அப்பா எங்கள் நிலத்தில் நாற்று நட வந்தவர். நிலம் போய் ஆலை வந்தபின் அந்த நிலத்துக்காரன் மகனும் உழைத்தவர் மகனும் ஒரே கேட்டில், ஒரே வரிசையில் நின்றோம். கம்பெனிக்காரன் நம்மை ஒரே தராசில் நிறுத்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். தராசு ஒன்றுதான், ஆனால் நான் பர்மனென்ட் ஃபிட்டர், நீ கடைசி வரைக்கும் காண்டிராக்ட். கிரேன் ஓட்டுவதில் உன் கை மாதிரி அந்த ஷெட்டில் வேறு கை கிடையாது. உருக்கின இரும்பை வாளியோடு தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு சொட்டு தளும்பாது. அந்த வாளிக்கு நேர் மேலே, புகை போய் முட்டுகிற இடத்தில்தான் உன் கேபின். கூரைக்கடியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அதைத்தான் குடித்தாய்.

பனிக்காலம் வந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை வருவதற்குள் மூன்று தடவை நிற்பாய். செருப்பைச் சரி பண்ணுகிற மாதிரி குனிவாய். உன் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிறது எனக்கே கேட்கும். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாயில் வைத்து அடிக்கிற பம்பு கொடுத்தார். அதை வாங்கிக் கொண்டுபோய் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாய். பம்பு பழகிவிட்டால் கடைசி வரைக்கும் விட முடியாது என்று யாரோ சொன்னார்களாம். அதைவிடப் பெரிய பயம் வேறு. காண்டிராக்ட் ஆட்களுக்கு வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. சட்டைப்பையில் பம்போடு யாராவது பார்த்துவிட்டால் காண்டிராக்டர் கிரேனிலிருந்து இறக்கிவிடுவான். இறக்கினால் கூட்டிப் பெருக்குகிற வேலை, இல்லாவிட்டால் வீடு. நீ பயந்ததில் தப்பு இல்லை. உனக்கு முன்னால் ஒருத்தனை அப்படித்தான் இறக்கினார்கள்.

பம்புக்குப் பதிலாக நீ கண்டுபிடித்ததுதான் ஊமத்தை. கண்டுபிடித்தது என்று சொல்லக் கூடாது. உன் அப்பாவும் இளைப்புக்காரர், அவரும் அதைத்தான் இழுத்திருக்கிறார். தண்டவாளத்து ஓரத்தில் பறித்து, நிழலில் காயவைத்து, நொறுக்கி, பேப்பரில் சுருட்டுவாய். கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று இழுப்பாய். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கிவிடும். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீட்டில் அம்மா பிரதோஷத்துக்குச் சிவனுக்குச் சாத்த ஊமத்தம்பூ பறித்துவரச் சொல்லுவாள். பறித்து வந்ததும் கையைக் கழுவு, கண்ணில் வைக்காதே, பார்வை மங்கிப் போகும் என்பாள். பசித்த மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிற செடி. அதைப் போய் நெஞ்சுக்குள் இழுக்கிறாயே என்று திட்டுவேன். "சாமிக்கு ஆவுது, எனக்கு ஆவாதா?" என்பாய். உன்னிடம் பேசி ஜெயித்தவன் யார்?

குடியை விட்டவன் நீ. ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லி விட்டாய், அதன் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. தீபாவளி போனஸ் அன்றைக்குக்கூட என்னோடு கடை வாசல் வரை வந்து, வெளியே நின்று சுண்டல் தின்றாய். அப்படிப்பட்டவன் வாயில் புகை வருவது எஸ்தர் காதுக்குப் போய்விட்டது. அப்போது அவள் ஒன்பதாவதோ பத்தாவதோ. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவள் யாரோ, "உங்கப்பா சைக்கிள் ஸ்டாண்டு பின்னால என்னமோ சுருட்டி இய்க்கிறாரே" என்று அவளிடம் கேட்டிருக்கிறாள். குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, உன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, இனிமேல் புகையை வாயில் வைக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். நீயும் சொல்லிவிட்டாய்.

மறுநாள் ரயிலடி டீக்கடையில் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். உங்கள் சபையில் சத்தியமே பண்ணக் கூடாது என்பார்களே என்று சீண்டினேன். அது பீடி இல்லை, மருந்து என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "கொய்ந்தைக்கு பீடி இன்னா, மருந்து இன்னா. வாயில பொகை வந்தா பொகைதான்."

அதற்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நீ போகவே இல்லை. மூச்சும் முன்னைக்குத் தேவலை மாதிரி இருந்தது. பீரோவிலிருந்த பம்பை எடுத்துவிட்டாய் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

மார்கழியில் ஒரு காலை ஷிப்டு. பனியும் ஆலைப் புகையும் கலந்து எதிரில் வருகிறவன் முகம் தெரியாத நாள். கேட்டிலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார்கள், உங்கள் ஊர்க்காரர் வந்து ரகளை பண்ணுகிறார் என்று. ஓடி வந்து பார்த்தால் நீ ரகளை ஒன்றும் பண்ணவில்லை. செக்யூரிட்டி அறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது. நாக்கு வறண்டு, வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. நான் கூப்பிட்டதற்கு என்னைத் தாண்டி யாரையோ பார்த்துத் தலையாட்டினாய். செக்யூரிட்டி உன் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறான், சாராய வாடை இல்லை. பையைச் சோதித்திருக்கிறான். டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம், அதற்குள் காய்ந்து நொறுங்கிய இலை. அவனுக்கு வேறு என்ன தோன்றும்? கஞ்சா என்று சொல்லிவிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தச் சொல் ஷெட்டுக்குள் போய், கேன்டீனுக்குப் போய், வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலோடு கட்டி வைக்க வேண்டியிருந்தது. கஞ்சா கேஸ் என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள். உன் கை மட்டும் ஓயவில்லை. இடது கையை முன்னால் தள்ளுகிறாய், வலது கையை மெல்ல இழுக்கிறாய், நிறுத்துகிறாய், மறுபடியும் தள்ளுகிறாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அது பைத்தியம். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நீ வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாய். "கீழ ஆள் கீது, நவுரு, நவுரு" என்று கத்தினாய். சுய நினைவு இல்லாத நேரத்திலும் கீழே நிற்கிறவன் தலையில் கொட்டிவிடக் கூடாது என்று உனக்குக் கவலை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை நீ தெளிந்தாய். உன் மனைவி காபி வாங்கக் கீழே போயிருந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். குரல் உடைந்து, மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"காச்சி குட்ச்சேன்டா," என்றாய். "கொஞ்ச நாளாவே அப்படித்தான். நேத்து வெடிகாலைல பனி, வீட்ல எல்லாம் தூங்கினு இருந்தாங்க. மூச்சு சுத்தமா நின்னுபோச்சி. கொஞ்சம் தூக்கலா போட்டுட்டேன் போல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புகையை வாயில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாய் அல்லவா, அதனால் புகையை விட்டுவிட்டு அதே இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறாய். பையில் இருந்த பொட்டலமும் அதற்குத்தான். உன்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. டாக்டரிடம் சொல்ல எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"டாக்டர்கிட்ட சொல்லு. பாப்பாகிட்ட மட்டும் சொல்லாத. அதும் தலைமேலதான் கை வெச்சேன். தெரிஞ்சா அது தாங்காதுடா."

டாக்டரிடம் சொன்னேன், வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கோபப்பட்டார். புகையாக இழுத்தாலும் அது விஷம்தான், காய்ச்சிக் குடித்தால் அதைவிட மோசம், ஒரு இலையில் இருப்பது இன்னொரு இலையில் இருக்காது, எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மருந்தை மாற்றினார்கள். ஆனால் ஏற்கனவே பாழாய்ப்போன நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

சவ அடக்கத்தில் பாஸ்டர், உன் பலவீனங்களை மன்னிக்கும்படி நீளமாக ஜெபம் பண்ணினார். வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பலவீனம் என்ன என்று தெரிந்திருந்தது. உன் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே நின்றாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டாள், "அண்ணா, நெஜமா சொல்லுண்ணா. இவுரு அத தொட்டாரா?" இல்லவே இல்லையம்மா என்றேன். "அப்ப பையில இருந்தது இன்னா?" என்றாள். ஊமத்தை என்று சொன்னால் போதுமே என்று உனக்குத் தோன்றும். போதாது. ஊமத்தை குடித்தான் என்றால், சாகத்தான் குடித்தான் என்பார்கள். அதை மறுக்க வேண்டுமானால் இளைப்புக்குக் குடித்தான் என்று சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டிருந்தவன் ஏன் குடித்தான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக உன் மகள் தலையில் போய் நிற்கும். நீ சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது அதற்காகத்தானே. வாயை மூடிக்கொண்டேன். கஞ்சாக்காரன் மகள் என்ற பெயரோடு அவள் பன்னிரண்டாவது முடித்தாள்.

இப்போது திருவள்ளூரில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். நெடுநெடுவென்று வளர்ந்து, உன் நெற்றியும் உன் பிடிவாதமுமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ரயிலேறி வந்திருந்தாள். என் வீட்டுக்காரி முறுக்கும் டீயும் வைத்துவிட்டு உள்ளே போனாள். முறுக்கைத் தொடாமல் எஸ்தர் ஆரம்பித்தாள். வார்டில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்களாம். முகம் சிவந்து, வாய் வறண்டு, கருமணி விரிந்து, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாராம். கூட வந்தவர்கள் இளைப்புக்கு ஊமத்தை கொடுத்தோம் என்றார்களாம். இவள் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாளாம்.

"அப்பா அப்படியேதான் மாமா இருந்தாரு. அது கஞ்சா இல்ல, ஊமத்தை. கரெக்டா?"

ஆமாம் என்று சொன்னேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அந்த ஒரு சொல்லில் இறங்கியது. உன் பெயர் துடைத்தாகிவிட்டது, அதுவும் உன் மகள் கையாலேயே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை முழுசாக அனுபவிக்கக்கூட விடவில்லை, பாவி மகள்.

"பொகையா இய்த்தா அவ்ளோ ஏறாதுன்னாங்க மாமா எங்க மேடம். காச்சி குட்ச்சாதான் அந்த மாதிரி ஆவுமாம். அப்பா பொகைய வுட்டுட்டு குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கேள்வி கேட்கிற பார்வை இல்லை அது. ஊசி போடப் போகிறார்கள் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் பார்வை. மீஞ்சூர் வரும் வரைக்கும் ரயிலில் அவள் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் சிரித்தேன். எப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை.

"உங்கப்பனா வுட்டான்?" என்றேன். "உங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு ஒரு மாசம்கூட தாங்கலம்மா. ஸ்டாண்டாண்ட வேணாம்னு ஷெட்டு பின்னால போய் ஒளிஞ்சினு இய்த்தான். கட்சீல வெதையெல்லாம் சேத்து சுருட்டினான். நான் எவ்ளோ சொன்னேன், கேக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது, ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பும் இருந்தது.

"நான்தான் காரணமோன்னு பயந்துகினே வந்தேன் மாமா," என்றாள். "நல்லவேள, அப்பா என்னிய ஏமாத்திட்டாரு."

நல்லவேளை என்றாள். அந்த வார்த்தையை அவள் சொன்ன மாதிரியே இப்போதும் கேட்கிறது. பிறகு முறுக்கைத் தின்றாள், டீயைக் குடித்தாள், பரீட்சை பற்றிப் பேசினாள். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், கஞ்சா இல்லை என்று தெரிந்தால் அம்மா சபையில் தலை நிமிர்ந்து உட்காருவாள் என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் ஒருதரம் திரும்பி, "என் தலைமேல கை வெச்சிட்டு எப்படி மாமா மனசு வந்துச்சி அவுருக்கு?" என்று கேட்டாள். அதில் கோபம் இருந்தது. ரயிலுக்கு நேரமாகிறது, போ என்று அனுப்பினேன்.

ஊரார் உன்மேல் பூசினதை அவள் கழுவினாள். உன் நண்பன் நான் வேறொன்றைப் பூசி அனுப்பினேன். அவளிடம் சொல்லாதே என்றுதான் நீ கேட்டாய், உன்னைப் பொய்யன் ஆக்கு என்று கேட்கவில்லை. அப்பன்மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறிவிடும், அப்பனைக் கொன்றது நான்தான் என்ற நினைப்பு ஆறாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. இப்போது உட்கார்ந்து யோசித்தால் அதுவும் நிச்சயமாக இல்லை. அவள் கெட்டிக்காரி. இன்னும் நாலு புத்தகம் படித்தால் நான் சொன்னதில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கண்டுபிடிக்காமலே போய்விடுவாளோ என்றும் சில நேரம் பயமாக இருக்கிறது.

அந்தப் பனிக்காலையில் உனக்கு மூச்சு சுத்தமாக நின்றுபோனது. இலை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. சுருட்டிப் பற்றவைத்தால் உடனே நெஞ்சு திறக்கும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்த்திருக்கப் போவதில்லை. நீ பற்றவைக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கும் வரை அடுப்பங்கரையில் காத்துக்கொண்டு நின்றாய். இது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் வயதாகிறது, எனக்குப் பிறகு இதைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.